மஞ்ச கடுதாசி: கொஞ்சம் சரித்திரம், நிறைய கட்டுக்கதை

"அவனுக்கென்னப்பா, மஞ்ச கடுதாசியைக் குடுத்துட்டு காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். பணம் குடுத்தவன்தான் தெருத்தெருவா அலையறான்."

மதுரைப் பக்கம் வளர்ந்தவர்கள் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். கீழமாசி வீதி மொத்தக் கடையோ, விளக்குத்தூண் ஜவுளிக்கடையோ, மேலூர்ப் பக்கம் சீட்டு பிடித்தவரோ, கதை ஒண்ணுதான். கடன் கழுத்துக்கு வந்ததும் ஆள் ஐ.பி. கொடுத்துவிட்டார். ஐ.பி. என்றால் போலீஸ் அதிகாரி இல்லை, இன்சால்வென்சி பெட்டிஷன். தமிழில் நொடிப்பு மனு. பேச்சு வழக்கில் மஞ்ச கடுதாசி.

அது ஏன் மஞ்சள்? நம்ம ஊரில் மஞ்சள் மங்கலச் சமாச்சாரம். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் தடவுகிற மஞ்சள், கடனோடு சேர்ந்ததும் கெட்ட வார்த்தையாகிவிட்டது. 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டத்தை (புரொவின்ஷியல் இன்சால்வென்சி ஆக்ட்) முதல் பிரிவிலிருந்து கடைசி வரை படித்துப் பார்த்தேன். ஒரு இடத்திலும் மஞ்சள் கிடையாது. அதைவிட முக்கியமாக, ஒரு காகிதத்தைக் கொடுத்ததும் கடன் போய்விடும் என்றும் எந்த இடத்திலும் கிடையாது. ஆனால் நம்மாளுங்க மனசில் பதிந்திருப்பது இந்த இரண்டும்தான்.

இந்தக் கட்டுக்கதை ஏன் இவ்வளவு ஆழமா ஊறியிருக்கு என்று புரிய, கொஞ்சம் பின்னாடி போகணும். ரொம்பப் பின்னாடி. பாண்டியன் காலம்.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ நம்ம பக்கம் கப்பலில் வந்து இறங்கினார். அவர் "மாபார்" என்று எழுதியிருப்பது பாண்டிய நாட்டுக் கடற்கரையை. முத்து, குதிரை வியாபாரம், ஐந்து அரச சகோதரர்கள் என்று நிறைய எழுதிக்கொண்டே போகிறவர், நடுவில் கடன் விஷயத்துக்கு வருகிறார். கடன் வாங்கினவன் இன்னிக்குத் தர்றேன் நாளைக்குத் தர்றேன் என்று இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் அவனை எங்கேயாவது மடக்கி, அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவானாம். பணத்தைக் கொடுக்காமல், அல்லது சரியான பிணை காட்டாமல், அவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. இதில் கூத்து என்னவென்றால், ராஜாவே ஒருமுறை மாட்டிக்கொண்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் போலோ எழுதுகிறார். ஒரு வெளிநாட்டு வியாபாரிக்கு ராஜா பாக்கி. பலமுறை கேட்டும் வரவில்லை. ஒரு நாள் ராஜா குதிரையில் வரும்போது வியாபாரி போய் ராஜாவையும் குதிரையையும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டார். ராஜா குதிரையை நிறுத்தினார். பணம் செட்டிலாகிற வரைக்கும் நகரவே இல்லையாம்!

போலோ கொஞ்சம் கதை விடுகிற ஆள்தான். இருந்தாலும் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வட்டம் போட்டது சொத்தைச் சுற்றி இல்லை, ஆளைச் சுற்றி. கடனுக்கு ஈடு கடன்காரனின் உடம்பு. (எங்க ஊரில் "கடன்காரன்" என்றால் கொடுத்தவனும்தான், வாங்கினவனும்தான். என்ன மொழிடா இது! இங்கே வாங்கினவனைத்தான் சொல்கிறேன்.)

இதே சாயலில் "தர்ணா" என்று ஒன்று இருந்தது. இன்றைக்கு அரசியல் கட்சிக்காரர்கள் பந்தல் போட்டு உட்காரும் தர்ணா, பழைய காலத்தில் கடன் கொடுத்தவர் வாங்கினவர் வீட்டு வாசலில் போய் உட்கார்வது. நான் இங்கேயே பட்டினி கிடந்து செத்தால் பாவம் உன் தலையில் என்று அர்த்தம். 1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 508-வது பிரிவில், தெய்வ கோபம் வரும் என்று பயமுறுத்துவதற்கு உதாரணமாக இந்த வாசல் தர்ணாவையே போட்டிருந்தார்கள். சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் ரொம்ப நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். 1542-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த இங்கிலாந்தின் முதல் திவால் சட்டம், திவாலானவனைக் குற்றவாளியாகத்தான் பார்த்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் அப்பா 1824-ல் லண்டனில் கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனவர். அந்த ஊர்க்காரர்கள்தான் நமக்கும் நொடிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1828-ல் ஒன்று, 1848-ல் இன்னொன்று. இரண்டும் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களுக்கு மட்டும். மதுரை அவர்கள் கணக்கில் மொஃபசல். (சென்னைக்காரர்கள் கணக்கில் இன்னிக்கும் அதுதான்.)

ஆக, சென்னையில் ஒரு வியாபாரி நொடித்துப்போனால் கோர்ட்டில் மனு போட்டு சிறையிலிருந்து தப்பிக்க வழி இருந்தது. மதுரை வியாபாரிக்கு 1877, 1882 சிவில் நடைமுறைச் சட்டங்களில் ஒரே ஒரு அத்தியாயம். கடன் வழக்கில் தீர்ப்பு வந்து, கைது வரைக்கும் அல்லது ஜப்தி வரைக்கும் போன பிறகுதான் அதன் கதவு திறக்கும். சிவில் ஜெயில் என்பது கடனுக்காகப் போகிற ஜெயில். அதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு, 1908 சட்டத்திலும் இருக்கிறது: உள்ளே இருக்கிறவரின் சாப்பாட்டுச் செலவை வழக்குப் போட்டவர்தான் கட்டணும். கட்டலையா, ஆள் வெளியே. கொடுத்த கடனும் வராமல், மாசாமாசம் சோத்துக்கும் காசு கட்டிய மகராசன்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, ஜெயிலில் இருந்துவிட்டு வந்தால் கடன் கழிந்தது என்று ஒரு நம்பிக்கை நம்மாளுங்ககிட்ட உண்டு. கழியாது. சட்டத்தின் 58-வது பிரிவிலேயே அப்படிப் பளிச்சென்று எழுதியிருக்கிறது.

சென்னையில் 1906 அக்டோபர் 22-ம் தேதி ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. அன்றைய மாகாணத்தின் பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனம், வங்கி மாதிரி டெபாசிட்டும் வாங்கிக்கொண்டிருந்தது. ரிட்டயரான குமாஸ்தா, ஜமீன்தார், விதவை என்று நம்பிப் போட்டவர்கள் எல்லாம் ஒரே நாளில் நடுத்தெருவில். லண்டன் பங்காளி மெக்ஃபேடியன் அதற்குச் சற்று முன்பே தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டின் மேல் வழக்கு நடந்து 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அவர் ஜெயிலுக்குப் போனது நொடித்துப்போனதற்காக இல்லை, மோசடிக்காக. ஆனால் "திவாலானா உள்ளே போகணும்" என்கிற பயத்துக்கு இந்த மாதிரி வழக்குகள் எவ்வளவு எண்ணெய் ஊற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்க. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயற்சியில் இந்தியன் வங்கி 1907-ல் பிறந்தது இந்த வீழ்ச்சியின் சூட்டில்தான். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அதே 1907-ல்தான் மொஃபசல் ஊர்களுக்கென்று முதல் முழு நொடிப்புச் சட்டம் வந்தது. 1909-ல் சென்னை முதலான நகரங்களுக்குப் புதுச் சட்டம். 1907 சட்டத்தைக் கழற்றி மாட்டியதுதான் 1920-ம் வருஷத்து 5-வது சட்டம். மதுரையில் புழங்கும் மஞ்ச கடுதாசியின் மூலக்கிழங்கு இதுதான்.

இந்தச் சட்டம் போட்ட பேரம் ரொம்ப எளிமை. உன் உடம்பை விட்டுவிடுகிறோம், உன் சொத்தை எல்லாம் கொண்டா. மனுவை ஏற்று நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்த நிமிஷத்திலிருந்து அவருடைய சொத்து அவருடையது இல்லை. கோர்ட்டுக்கோ, கோர்ட் நியமிக்கும் ரிசீவருக்கோ போய்விடும். ரிசீவர் அதை விற்று, கடன் கொடுத்த எல்லாருக்கும் விகிதாசாரப்படி பிரித்துக் கொடுப்பார். முந்திப் போய் ஜப்தி பண்ணினவன் முழுசா அள்ளிக்கொண்டு போக, பிந்தி வந்தவன் வெறுங்கையோடு போகிற பழைய கூத்தை நிறுத்தணும் என்பது இதில் பாதி நோக்கம். அதாவது இது கடன் வாங்கினவனுக்காக மட்டும் வந்த சட்டமே இல்லை. கடன் கொடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான். கடன் கொடுத்தவரே மனு போட்டு, பாக்கிக்காரரை நொடித்தவராக அறிவிக்க வைக்கவும் முடியும். இது பல பேருக்குத் தெரியாது.

இப்போ அந்தக் கடுதாசிக்கு வருவோம். தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பது கோர்ட் நோட்டீஸ். இன்னார் நொடிப்பு மனு போட்டிருக்கிறார், உங்கள் பெயர் கடன் பட்டியலில் இருக்கிறது, இந்தத் தேதிக்கு விசாரணை, ஆட்சேபணை இருந்தால் வாங்க. அவ்வளவுதான் அதன் அர்த்தம். ஒரு அழைப்பிதழ்! (மஞ்சள் பொருத்தம்தான் போல.) ஆனால் வாங்கினவர் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்.

எங்க பெரியப்பா ஒருத்தருக்கு தொண்ணூறுகளில் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தது. நூல் வியாபாரம் செய்த பழைய சிநேகிதர், பாக்கி நாற்பதாயிரத்துச் சொச்சம். பெரியப்பா அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, பூஜை ரூம் பரணில் செருகிவிட்டார். "அவனே கைய விரிச்சுட்டான், இனி கோர்ட்டுக்குப் போயி வக்கீலுக்கு வேற அழணுமாக்கும்." மூணு வருஷம் கழித்து அந்த சிநேகிதருடைய குடோனை ரிசீவர் ஏலம் விட்டார். கடனை நிரூபித்தவர்களுக்கு ரூபாய்க்கு இவ்வளவு பைசா என்று பங்கு கிடைத்தது. பெரியப்பா பெயர் பட்டியலில் இல்லை. அவர்தான் கடனை நிரூபிக்கவே இல்லையே. அதற்கு நேரில் போகக்கூடத் தேவையில்லை. கடனுக்கு ஆதாரமாக ஒரு பிரமாணப் பத்திரத்தை ரிஜிஸ்டர் தபாலில் கோர்ட்டுக்கு அனுப்பினாலே போதும் என்று 49-வது பிரிவு சொல்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒண்ணும் பேசவில்லை. பெரியம்மாதான், "ஒரு ஸ்டாம்பு காசுக்கு வந்த கேடு" என்றார்.

மறுபக்கம் இருக்கிறவர்களின் நம்பிக்கைகள் இதைவிட மோசம். முதலாவது, "முதல்ல சொத்தை எல்லாம் பொண்டாட்டி பேர்ல எழுதி வெச்சுட்டு அப்புறம் ஐ.பி. குடு." இந்த ஐடியாவை இலவசமாகத் தருவதற்கு ஒவ்வொரு தெருவிலும் ஒரு அறிவாளி உண்டு. 1920 சட்டத்தை எழுதினவர்களும் இந்த அறிவாளியைப் பார்த்திருப்பார்கள் போல. விலை வாங்காமல் எழுதி வைத்த சொத்து என்றால், எழுதி வைத்த இரண்டு வருஷத்துக்குள் மனு வந்து நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தையே கோர்ட் ரத்து செய்யலாம். மூணு மாசத்துக்குள் வேண்டப்பட்ட ஒருத்தருக்கு மட்டும் கடனை அடைத்து மற்றவர்களுக்கு நாமம் போட்டிருந்தால் அதுவும் செல்லாது. கணக்குப் புத்தகத்தை மறைப்பது, சொத்தை ஒளிப்பது எல்லாம் குற்றம், ஒரு வருஷம் வரை ஜெயில்.

அடுத்தது, ஐ.பி. கொடுத்தா எல்லாக் கடனும் போச்சு. போகாது. அடமானம் வைத்த வீட்டின் மேல் பேங்குக்கு இருக்கும் உரிமையை அது தொடாது. அரசாங்க பாக்கி போகாது. மோசடி செய்து வாங்கின கடன் போகாது. ஜீவனாம்சம் போகாது. செக் பவுன்ஸ் வழக்கு 1989-லிருந்து கிரிமினல் சமாச்சாரம், மனு போட்டதாலேயே அது மறைந்துவிடாது. அப்புறம் ஜாமீன் கையெழுத்து. நான் வேலை பார்க்கும் துறையில் இது தினசரி நடக்கிறது, "மச்சி, ஒரு ஃபார்மாலிட்டிதான்டா" என்று லோன் பேப்பரை நீட்டுவார்கள். கடன் வாங்கினவர் விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன் போட்டவர் விடுபட மாட்டார் என்று 44-வது பிரிவிலேயே இருக்கிறது. மச்சிக்குப் பாதுகாப்பு, நமக்குத்தான் வட்டம்.

"விடுவிப்பு" என்று சொன்னேனே, அதுதான் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம், ஆனால் அதுவரை படிக்கிற ஆட்கள் குறைவு. நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, எத்தனை நாளைக்குள் விடுவிப்புக்கு (டிஸ்சார்ஜ்) மனு போடணும் என்று கோர்ட் கெடு வைக்கும். போட்டு, கோர்ட் விசாரித்து, சம்மதித்தால்தான் கடன் தீரும். சொத்து விற்ற காசு ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறவில்லை, அதற்குத் தன் மேல் தப்பில்லை என்றும் காட்ட முடியவில்லை என்றால் முழு விடுவிப்பு கிடையாது. ஒழுங்காகக் கணக்கு எழுதாதவர், சூதாடித் தொலைத்தவர், நொடித்துவிட்டோம் என்று தெரிந்தும் மேலும் மேலும் கடன் வாங்கினவர், இவர்களுக்கும் அதே கதி. கெடுவுக்குள் மனுவே போடாமல் இருந்தால் அறிவிப்பு ரத்தாகும். ரத்தானால் பழைய கடன் எல்லாம் பழையபடி உயிரோடு எழுந்து வரும். அதாவது, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு அடியில் நாற்காலி இல்லை என்று அர்த்தம்.

அதற்காக இது வெறும் தண்டனை என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும். ஏனென்றால் நம்ம பக்கம் கடனுக்காகப் பூச்சிமருந்தைத் தேடிப் போனவர்கள் உண்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினவர்களும் உண்டு. "வீட்டுச் சாமானைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, தாலியைக் கூட விட மாட்டாங்க" என்பது அவர்களின் பயம். மீட்டர் வட்டிக்காரன் வேண்டுமானால் செய்வான். சட்டம் செய்யாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் உழவுச் சாமான், உழவு மாடு எல்லாவற்றையும் ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. நொடிப்பு வழக்கிலும் ரிசீவர் அவற்றைத் தொட முடியாது. பணத்துக்கான தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. ஆணாக இருந்தாலும், கொடுக்க வழியே இல்லாத நேர்மையான கடனாளியை ஜெயிலில் தள்ளுவது வாழும் உரிமைக்கு விரோதம் என்று 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பாண்டியன் காலத்து வட்டத்தை அழிக்க எழுநூறு வருஷம் ஆகியிருக்கிறது.

"அப்பன் கடன் புள்ளை தலையில" என்பது மட்டும் முழுக் கட்டுக்கதை இல்லை. இந்துச் சட்டத்தில் அது உண்மையாகவே இருந்தது. அப்பாவின் கடனுக்காகப் பூர்வீகச் சொத்தில் மகன் பங்கையும் பிடிக்கலாம், மகனின் புண்ணியக் கடமை என்று அதற்குப் பெயர் வேறு. 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பிறகு வாங்கும் கடன்களுக்கு இந்தக் கடமையை எடுத்துவிட்டது. (பெண்களுக்குச் சம பங்கு கொடுத்த அதே திருத்தம்தான். அந்தப் பாதி மட்டும் எல்லாருக்கும் தெரியும்.)

இன்னொரு குழப்பம், அரசாங்கத்தின் கடன் நிவாரணத்தையும் ஐ.பி.யையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. முப்பதுகளின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து விவசாயிகள் கடனில் மூழ்கியபோது, ராஜாஜி மந்திரிசபை 1938-ல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் நிலுவை வட்டி தள்ளுபடி. அசலுக்கு இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே முடிந்தது. அதில் யாரும் நொடித்தவர் பட்டம் வாங்க வேண்டியதில்லை, சொத்தை ஒப்படைக்க வேண்டியதில்லை. அந்த ஞாபகம்தான் "கடுதாசி குடுத்தா கடன் தள்ளுபடி" என்று உருமாறி நிற்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டமும் வேறு ரகம். அது கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அநியாய வட்டி வாங்குகிறவனைப் பிடிக்கும் சட்டம். அசலை அது தள்ளுபடி செய்யாது.

2016-ல் நாடு முழுக்க ஒரே திவால் சட்டம் வந்ததே, இந்த 1920 எல்லாம் இன்னுமா என்று கேட்பீர்கள். வந்தது உண்மை. அதில் தனிநபருக்கென்று ஒரு பகுதியும் உண்மை. ஆனால் அந்தப் பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அமலானது. மற்ற சாதாரண ஜனங்களுக்கு நான் இதை எழுதும் வரை வரவில்லை. அதில் ஏழைக் கடனாளிகளுக்கென்று "புது ஆரம்பம்" என்று ஒரு அருமையான வழி எழுதி வைத்திருக்கிறார்கள். தகுதி என்ன தெரியுமா? வருஷ வருமானம் 60,000-க்கு மேல் கூடாது, சொத்து 20,000-க்கு மேல் கூடாது, சொந்த வீடு கூடாது, கடன் 35,000-க்கு மேல் கூடாது. ஒரு செல்போன் இ.எம்.ஐ.க்கும் ஒரு பிரசவச் செலவுக்கும் தாங்காத தொகை. அதுவும் இன்னும் காகிதத்தில்தான்.

அதுவரைக்கும் மதுரையில் ஒருவர் நொடித்துப்போனால் போக வேண்டிய இடம் கோர்ட், அங்கே இருப்பது வெள்ளைக்காரன் 1920-ல் எழுதிவைத்த அதே சட்டம்.